குற்றாலக் குறவஞ்சியும் ஐரோப்பிய நாடக மேடையும்

குற்றாலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பேரருவி, ஐந்தருவி, ஜூன் ஜூலை சாரல், எண்ணெய் தேய்த்துக் குளியல், குளித்து முடித்ததும் புரோட்டா. தென்காசியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குற்றாலம் வந்துவிடும். நடுவில் மேலகரம் என்று ஓர் ஊர் வரும். சீசன் நெரிசலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த மேலகரத்துக்காரர்தான் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சியை எழுதியவர்.

பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் குறவஞ்சியை எல்லோரும் படித்திருப்பார்கள். ஆண் குரங்கு பழம் கொடுத்துப் பெண் குரங்கைக் கொஞ்சும் அந்த மலைப் பாட்டு, மனப்பாடப் பகுதி. மதிப்பெண்ணுக்காகப் படித்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம். ஆனால் ஒரு விஷயம் வகுப்பில் அதிகம் பேசப்படுவதில்லை. குறவஞ்சி வெறும் செய்யுள் அல்ல. அது ஆடுவதற்காக எழுதப்பட்ட நாடகம். ஒவ்வொரு பாட்டுக்கும் ராகமும் தாளமும் குறிக்கப்பட்ட நாடகம்.

மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார் என்றும், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். ஒரு நாடகத்தின் பெயரில் ஒரு வயல்! இன்றைக்கு எந்த நாடக ஆசிரியருக்கு அது கிடைக்கும்?

இந்த நாடகம் மேடையில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் கட்டியக்காரன் வருகிறான். குற்றாலநாதர் உலா வரப்போகிறார் என்று சொல்கிறான். உலாவைப் பார்க்கப் பெண்கள் வருகிறார்கள். பிறகு வசந்தவல்லி வருகிறாள், பந்தடிக்கிறாள், உலாவில் இறைவனைப் பார்த்துக் காதலில் விழுகிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். அந்த நேரம் குறத்தி சிங்கி வந்து சேர்கிறாள். தன் மலையையும் நாட்டையும் பற்றிப் பாடி, வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். அதற்குள் அவள் கணவன் சிங்கன், நூவன் என்ற துணையோடு பறவை பிடிக்க வருகிறான். பறவைகள் வருகின்றன. இவனுக்கோ சிங்கியின் நினைப்பு. பறவைகள் தப்பிவிடுகின்றன. கடைசியில் தேடி அலைந்து சிங்கியைக் கண்டுபிடிக்கிறான்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பாத்திரம் உள்ளே வரும்போது அது தானாக "நான் இன்னார்" என்று தொடங்குவதில்லை. வசந்தவல்லி வந்தாள், அவள் நடை இப்படி, கூந்தல் இப்படி என்று படர்க்கையில் ஒரு பாட்டு பாடப்படுகிறது. அந்தப் பாட்டுக்குத்தான் நடிகை நடந்து வருகிறாள். பார்க்கிறவர்களுக்கு வசந்தவல்லியும் தெரிகிறாள், வசந்தவல்லியாக நடிக்கிற பெண்ணும் தெரிகிறாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கண்முன் இருக்கிறார்கள்.

அடுத்து, காட்சி ஜோடனை எதுவும் தேவைப்படுவதில்லை. மலை வேண்டுமா? சிங்கி பாடினால் மலை வந்துவிடும். வயல் வேண்டுமா? சிங்கன் கோயில் நிலங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பறவைகள் எங்கெங்கே மேய்கின்றன என்று காட்டுகிறான். வெறும் தரையில் கண்ணி வைக்கிறான். அங்கே பறவையும் கிடையாது, வயலும் கிடையாது. பார்க்கிறவர்களின் மனசில்தான் எல்லாம்.

மூன்றாவது அந்தக் கடைசிக் காட்சி. சிங்கியின் காலில் இருக்கும் நகைகளைப் பார்த்துச் சிங்கன் பயந்துபோய், இது என்ன பாம்பு மாதிரி இருக்கிறதே, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். இது சேலத்தில் குறி சொல்லி வாங்கியது, இது கண்டி தேசத்தில் கிடைத்தது என்று. கேட்டுச் சிரிக்கிற காட்சி. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெண் தனியாக ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்து வந்த வரைபடமே இருக்கிறது. நான்கு படுதா தொங்கவிட்டாலும் இத்தனை ஊரைக் காட்ட முடியாது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே மூன்று விஷயங்களைத் தேடித்தான் ஐரோப்பிய நாடகக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் ஆசியா முழுக்க அலைந்தார்கள்.

அதற்கு முன் அங்கே என்ன நிலைமை? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மேடை ஒரு படச்சட்டம் மாதிரி. மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் கண்ணுக்குத் தெரியாத சுவர். அதன் வழியாகப் பார்வையாளர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், நடிகர்கள் தங்களை யாரும் பார்க்காதது போல நடிக்கிறார்கள். எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும். பாரிஸில் ஆந்த்ரே அந்த்வான் என்பவர் 1888இல் ஒரு கசாப்புக்கடை நாடகத்துக்கு உண்மையான மாட்டிறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார்! நம் சிங்கனோ இல்லாத பறவைக்குக் கண்ணி வைத்தவன். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

இந்த நிஜத்தில் சலிப்பு வந்தபோதுதான் அவர்கள் கிழக்கே திரும்பினார்கள். ஆனால் தொடர்பு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1789இல் வில்லியம் ஜோன்ஸ் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1791இல் ஃபார்ஸ்டர் அதை ஜெர்மனில் தந்தார். அதைப் படித்து மயங்கியவர் கதே. அவருடைய ஃபவுஸ்ட் நாடகம் 1808இல் வெளியானபோது அதன் முன்னால் நாடகக் கம்பெனி முதலாளியும் கவிஞரும் கோமாளியும் உட்கார்ந்து இன்றைக்கு என்ன நாடகம் போடலாம் என்று வாதம் செய்யும் ஒரு பகுதி இருந்தது. சாகுந்தலத்தில் சூத்திரதாரன் வந்து பேசுவதிலிருந்து பிறந்த யோசனை என்று அதைச் சொல்வார்கள். நம்ம ஊர்க் கட்டியக்காரனுக்குச் சூத்திரதாரன் ஒருவகையில் பெரியப்பா முறை.

படித்தது போக, நேரில் பார்த்த கதையும் உண்டு. 1838இல் கடலூர் பக்கத்துத் திருவேந்திபுரத்திலிருந்து (திருவஹீந்திரபுரம்) ஐந்து தேவதாசிகளையும் மூன்று இசைக்காரர்களையும் ஒரு பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டுப் பாரிஸுக்குக் கூட்டிப் போனார். அந்த ஐவரில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. ராஜா லூயி பிலிப் முன்னால் ஆடினார்கள். வரியேத்தே தியேட்டரில் ஆடினார்கள். பிறகு லண்டனிலும் ஆடினார்கள். தெயோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி உருகி உருகி எழுதினார். பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலத்தில் சின்னச் சிலை செய்தார். இருபது வருஷம் கழித்து, 1858இல், அதே கோத்தியே பாரிஸ் ஆப்பராவுக்குச் சகுந்தலா பாலே எழுதினார். மேடையில் ஆடியவர்கள் பிரெஞ்சு நாட்டியக்காரிகள். 1877இல் ரஷ்யாவில் பெத்திபா போட்ட லா பயதேர் இன்றும் உலகம் முழுக்க ஆடப்படுகிறது. பயதேர் என்றால் தேவதாசி. அந்த பாலேயில் இந்தியா என்பது உடுப்பும் ஜோடனையும்தான், ஆட்டம் முழுக்க ஐரோப்பாவுடையது. அதாவது முதல் சுற்றில் அவர்கள் எடுத்துக்கொண்டது நம் மேடையின் மேல்பூச்சை மட்டும்.

உள்ளே இருந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டது அடுத்த சுற்றில். அதிலும் பெரும்பங்கு ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனது. கபுகி மேடையில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்த சுழல்மேடையை 1896இல் மியூனிக்கில் லாவுட்டன்ஷ்லேகர் செய்து காட்டினார். 1916இல் அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் ஜப்பானிய நோ நாடகத்தைப் பின்பற்றி ஒரு நாடகம் எழுதி லண்டனில் ஒரு வீட்டு ஹாலில் போட்டார். மேடை இல்லை, ஜோடனை இல்லை. இசைக்காரர்கள் ஒரு துணியை விரித்து மடிப்பதுதான் தொடக்கம். நம் தெருக்கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் வேஷக்காரர் வந்து நின்று பாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிரெஞ்சுக்காரர் அர்த்தோ 1931இல் பாரிஸ் காலனி கண்காட்சியில் பாலித் தீவு நாட்டியத்தைப் பார்த்துத் தலைகால் புரியாமல் எழுதினார். அதில் பாதி அவருடைய சொந்தக் கனவு. ஆனாலும் அந்தக் கனவில்தான் பின்னாளில் பல டைரக்டர்கள் குடியிருந்தார்கள்.

முக்கியமானவர் ப்ரெக்ட். 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரை அவர் பார்த்தார். மெய் லான்ஃபாங் பெண் வேஷத்துக்குப் பேர்போனவர். ஒருமுறை வேஷம் இல்லாமல், கோட்டு சூட்டோடு, சாதாரண விளக்கு வெளிச்சத்திலேயே அந்தப் பெண் பாத்திரங்களைச் செய்து காட்டினார். பாத்திரமும் தெரிந்தது, செய்து காட்டுகிற மனிதரும் தெரிந்தார். ப்ரெக்டுக்கு அதுதான் திறவுகோல். நடிகர் பாத்திரத்துக்குள் கரைந்துபோக வேண்டாம், அதை எடுத்துக் காட்டினால் போதும், அப்போதுதான் பார்க்கிறவர்கள் அழுவதோடு நிற்காமல் யோசிப்பார்கள் என்று எழுதினார். 1940இல் நடிகர்களுக்கு ஒத்திகைக்காக மூன்று வழிகள் சொன்னார். வசனத்தைப் படர்க்கையில் மாற்றிச் சொல்லிப் பார், இறந்தகாலத்தில் சொல்லிப் பார், மேடைக் குறிப்பையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்.

இப்போது மறுபடியும் குறவஞ்சிக்கு வாருங்கள். வசந்தவல்லி வந்தாள் என்று பாடுவது என்ன? படர்க்கை, இறந்தகாலம், மேடைக் குறிப்பு. மூன்றும் ஒரே பாட்டில்! ப்ரெக்ட் நடிகர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்ததை மேலகரத்துக் கவிராயர் இருநூறு வருஷத்துக்கு முன்பே நாடகத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். ப்ரெக்ட் குறவஞ்சியைக் காப்பியடித்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர் பார்த்தது சீனாவை. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில்கூட ஜோடனை குறைவு, சொல்லால்தான் காட்டையும் கடலையும் காட்டினார்கள். ஆகவே ஐரோப்பா ஆசியாவிடம் வாங்கியதில் ஒரு பகுதி, அவர்களே வீட்டுக்குள் தொலைத்த பொருள்தான். ஆசியாவில் அது தொலையவில்லை.

தொலையவில்லை என்று சொன்னது கொஞ்சம் அவசரம். அவர்கள் படச்சட்டத்தை உடைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நாம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். பார்சி கம்பெனிகள் வழியாக வர்ணப் படுதாக்களும், மேலே சுருண்டு போகும் திரையும், தந்திரக் காட்சிகளும் தமிழ்நாட்டுக்கு வந்தன. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் நடிக்க வந்தார்கள், அது பெரிய காரியம்தான். ஆனால் தெருக்கூத்து நாகரிகம் இல்லாதது என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐரோப்பியர் வெட்கப்பட்டு விட்டதை நாமும், நம்மிடம் இருந்ததை வெட்கப்பட்டு நாமே விட்டதும் ஏறக்குறைய ஒரே காலம்.

இரண்டு ஓட்டங்களும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது நம் குறவஞ்சியேதான்.

ருக்மிணி தேவி அருண்டேல் ரஷ்ய பாலே நாட்டியக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கியவர். பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவரே பாவ்லோவாதான். அந்தப் பாவ்லோவாவும் 1923இல் இந்தியாவைப் பார்த்துவிட்டுப் போய், உதயசங்கரைச் சேர்த்துக்கொண்டு ராதா கிருஷ்ணா நாட்டியம் போட்டவர். 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா. 1944இல் அங்கே உருவான முதல் பெரிய நாட்டிய நாடகம் குற்றாலக் குறவஞ்சி. இசை அமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார்.

ருக்மிணி தேவியின் மேடை எப்படி இருந்தது? நாட்டியக்காரிக்குப் பின்னால் நின்று கூடவே நகரும் பழைய மேளம் இல்லை, பாடுகிறவர்கள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒளி அமைப்பும் மேடை அழகும் திட்டமிட்டுச் செய்யப்பட்டன. அடையாற்றில் இருந்த அலெக்ஸ் எல்மோர், கான்ராட் வோல்ட்ரிங் போன்ற ஐரோப்பியர்கள் அந்தக் கலையை அங்கே கொண்டுவந்தவர்கள். பார்சி கம்பெனிகளின் பளபளப்புப் படுதாவை ருக்மிணி தேவி விரும்பவில்லை, அது அவருடைய நல்ல ரசனை. ஆனால் பார்வையாளர் இருட்டில், ஆடுகிறவர் வெளிச்சத்தில் என்ற பிரிவு வந்துவிட்டது. கோயிலில் ஒரே தீப வெளிச்சத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த நாடகம் அது. (பின்னாளில், 1980களில், கலாக்ஷேத்ராவுக்கு அரங்கம் கட்டும்போது கேரளக் கூத்தம்பலத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ஆக, சட்டத்துக்குள் முழுசாக அடைய அவருக்கும் மனம் இல்லை.)

அதே 1944இல், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்த ப்ரெக்ட், காக்கேசிய வெண்கட்டி வட்டம் நாடகத்தை எழுதினார். பழைய சீன நாடகக் கதை. மேடையின் ஓரத்தில் ஒரு பாடகர் உட்கார்ந்து, இன்னார் வந்தார், இன்னது செய்தார் என்று படர்க்கையில் பாடிக்கொண்டே கதையை நடத்துவார். ஒரே வருஷத்தில், கிழக்கு நாடகம் மேற்கத்திய ஒளிக்குள் போகிறது, மேற்கத்திய நாடகம் கிழக்கின் பாடகரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. ஒருவருக்கொருவர் தெரியாது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் பெயர் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். குறவஞ்சிகளைக் கோயில்களில் பொதுவாக ஆடிவந்தவர்கள் தேவதாசிகள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடியவர்களும் அவர்களே. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் பல வருஷம் போராடினார், நியாயமான போராட்டம். ஆனால் வழக்கம் போனதோடு அந்தப் பெண்களின் மேடையும் போனது. மேடையேறிய குறவஞ்சியில் சிங்கியாக ஆடியவர்கள் வேறு வீட்டுப் பெண்கள். நிஜச் சிங்கன் சிங்கிகளின் கதை இன்னும் மோசம். வெள்ளைக்காரன் 1871இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று போலீஸ் கணக்கில் ஏற்றியது. ஊர் ஊராகப் போய்ச் சிலம்பும் காலாழியும் வாங்கி வந்தாள் என்று கவிராயர் ரசித்துப் பாடிய அந்த நாடோடி வாழ்க்கையே குற்றம் ஆனது. மேடையில் கைதட்டல், ஸ்டேஷனில் கையெழுத்து.

இந்தக் கணக்கு கொஞ்சமாவது நேரானது நம் காலத்தில்தான், அதுவும் தெற்கே அல்ல, வடக்கே. திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் புரிசை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் குடும்பம் அங்கே உண்டு. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் நம் நாடகம் என்று ஊர் ஊராகச் சொன்னவர். பாரிஸில் 1964இல் தேயாத்ர் து சொலேய் என்ற குழுவைத் தொடங்கிய ஆரியான் முனுஷ்கின், கபுகியையும் கதகளியையும் எடுத்து ஷேக்ஸ்பியருக்கும் கிரேக்க நாடகத்துக்கும் பயன்படுத்தியவர். 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த தாக்குதல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், இனி நாடகம் போட்டு என்ன பயன் என்ற கேள்வியோடு தன் குழுவைப் புதுச்சேரிக்குக் கூட்டிவந்தார். கண்ணப்ப தம்பிரானின் மகன் சம்பந்தன் அவர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தார்.

2016 நவம்பரில் பாரிஸில் அரங்கேறிய அந்த நாடகத்தின் பெயர் இந்தியாவில் ஓர் அறை. மகாபாரதத்திலிருந்து திரௌபதி துகிலுரிதலும் கர்ணனின் முடிவும் கூத்தாகவே அதில் வந்தன. பல நாடுகளைச் சேர்ந்த நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு தமிழிலேயே பாடினார்கள். 2017 டிசம்பரில் அது நியூயார்க்கிலும் நடந்தது. 1838இல் அம்மணியைக் காட்சிப் பொருளாகக் கூட்டிப் போன அதே பாரிஸில், இந்த முறை கூத்துக்காரர் போனது வாத்தியாராக. பாரிஸ் முழுசாக மாறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேருக்குப் புரிசை எங்கே இருக்கிறது என்று தெரியும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் புரிசைக் கூத்தைக் கற்றுக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே, புரிசைக்காரர்கள் ப்ரெக்டை எடுத்துவிட்டார்கள். காக்கேசிய வெண்கட்டி வட்டத்தைத் தெருக்கூத்தாகவே ஆடியிருக்கிறார்கள். சீனாவில் பிறந்து, ஜெர்மன்காரர் கையில் அமெரிக்காவில் எழுதப்பட்ட கதை, கடைசியில் செய்யாறு பக்கத்தில் மிருதங்கமும் முகவீணையும் வைத்து விடிய விடிய ஆடுகிற ஊருக்கு வந்து சேர்ந்தது. மேடை ஓரத்துப் பாடகர் வேலைக்கு அங்கே புதிதாக யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டியக்காரன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.